தேரடியில் நின்ற சட்ஜம்

முல்லைக்கா என்னும் ஊரில், ஆடிப்பூரத்தன்று காலை அம்மன் நான்கு வீதியும் உலா வந்து தேரடியை அடைந்த வேளையில், நாகசுரம் வைரக்கண்ணு தம் குழலை இறக்கினார். தவில் கலியபெருமாள் தோளிலிருந்த வாரைத் தளர்த்தினார். தாளக்காரர் கைத்தாளத்தைத் துணியில் சுற்றினார். எல்லோருக்கும் கடைசியாக, முறைப்படி, ஒத்து ஊதும் பக்கிரிசாமியும் குழலை வாயிலிருந்து எடுத்தார். ஆனால் அவர் ஊதிக்கொண்டிருந்த சுரம் மட்டும் ஓயவில்லை. குழல் ஒரு பக்கம், ஊதியவர் ஒரு பக்கம் என்றாகிவிட்ட பிறகும், தேர் நிற்கும் இடத்துக்கு நேர் முன்னே, வெயிலில், அது தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது.

கீழ வீதியார் இதைச் சொல்லும்போது, அந்த ஒலி வேப்பமரத்தின் முதல் கிளையளவு உயரத்தில் நின்றது என்பார்கள். மேல வீதியார், இல்லை, ஓர் ஆள் வாயளவு உயரத்தில்தான், அதனால்தான் அதைக் கடந்து நடந்தவர்களுக்குப் பல் கூசியது என்பார்கள். வடக்கு வீதியில் ஒரு குடும்பம் மட்டும், ஒலிக்கு இளஞ்சூடு இருந்தது என்று சேர்த்துச் சொல்கிறது. உயரத்தில் வேறுபடும் இவர்கள் எவரும் சுருதியில் வேறுபடுவதில்லை: யாரைக் கேட்டாலும் கண்ணை மூடி, சற்றே மூச்செடுத்து, அதே சுரத்தை முனகிக் காட்டுகிறார்கள், அந்த முனகல் நான்கு வீதியிலும் ஒன்றாகவே இருக்கிறது.

ஒத்து என்பது நாகசுரம் போலவே நீண்ட குழல். ஆனால் அதில் விரல்களுக்கு வேலையில்லை. ஆதார சட்ஜம் என்ற ஒரே சுரத்தை, கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சை இழுத்து, நடுவில் அறாமல் ஊதிக்கொண்டே இருப்பதுதான் அதை ஏந்துபவரின் தொழில். அந்த ஒன்றின்மேல் நின்றுதான் நாகசுரக்காரர் ராகத்தை எழுப்புவார். எழும்பிய ராகத்தைக் கேட்டுத் தலையசைப்பவர்கள், அடியில் கிடக்கும் சட்ஜத்தைக் கேட்டதாகவே உணரமாட்டார்கள். சுற்றுவட்டாரக் குழுக்களெல்லாம் ஒத்துக்காரரை நிறுத்திவிட்டு மின்சாரச் சுருதிப்பெட்டி வாங்கிவிட்ட காலம் அது. வைரக்கண்ணு மட்டும் வாங்கவில்லை.

"பெட்டின்னா வெத்தலைபாக்கு கேக்காது, முதுகுவலின்னு படுக்காது, அத்தான்," என்று சீண்டுவார் கலியபெருமாள். அவர் வைரக்கண்ணுவின் மனைவிக்குத் தம்பி; அந்த உரிமையில் எதையும் சொல்வார்.

"நான் எந்த இடத்துல மூச்சு விடப்போறேன்னு பெட்டிக்குத் தெரியுமா மாப்ளே? பக்கிரிக்குத் தெரியும்," என்பார் வைரக்கண்ணு. பக்கிரிசாமி சிரித்துக்கொண்டே வெற்றிலையை மெல்லுவார்.

அந்த ஆடிப்பூரத்துக்குப் பிறகு பக்கிரிசாமி சிரிக்கவில்லை, பேசவும் இல்லை. வீட்டுக்கு நடந்து போனார், வாசல் நடையில் சுவரோரமாக உட்கார்ந்தார், உதடுகள் குழலைப் பிடித்த வடிவிலேயே சற்றுக் குவிந்திருந்தன. மூக்கால் இழுத்த காற்று உள்ளே போவது தெரிந்தது. வெளியே வருவதுதான் தெரியவில்லை. மனைவி செங்கமலம் அவர் வாய்க்கு நேரே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள்; கண்ணாடி மங்கவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் குழாயை நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, "போற காத்து எங்க போகுதுன்னு தெரியலையேம்மா," என்று சொல்லி, சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்.

ஊர் அந்த ஒலிக்கு வியந்தது என்று சொல்லமுடியாது. பழகிக்கொண்டது என்பதே சரி. தேரடி டீக்கடைக்காரர் வானொலியை மூடி வைத்தார். மிட்டாய் விற்பவர், பழைய பேப்பர் கேட்பவர், கீரைக்காரி ஆகியோரின் கூவல்கள் தாமாகவே அந்தச் சுருதியில் வந்து அமர்ந்தன. பள்ளிக்கூடத்து மணி சற்றுக் கூடுதலாக இருக்கிறதென்று கொல்லரைக் கூப்பிட்டு அரத்தால் அராவினார்கள். பாட்டு டீச்சர் மாணவிகளை வரிசையாக அழைத்து வந்து, ஒலிக்கு அடியில் பாயை விரித்து, வர்ணங்களைச் சொல்லிக்கொடுத்தாள். பிறவியிலேயே சுருதி சேராத பிள்ளைகளுக்கும் அங்கே சேர்ந்தது. குழாயடியில் வாய்ச்சண்டைக்கு நின்ற பெண்கள், குரலை உயர்த்தியதும் இருவர் குரலும் ஒரே இடத்தில் போய் நிற்பதைக் கண்டு, ஏச்சு முழுவதும் சபையில் பாடும் பதம் போல ஒலிக்கத் தொடங்கிவிட, வெட்கம் வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அழும் குழந்தைகளை அங்கே கொண்டுவந்து தூங்கவைத்தார்கள். யாரோ அதன் அடியில் ஒரு செங்கல்லை நட்டு மஞ்சள் பூசினார். வேறு யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார். தர்மகர்த்தா அருணகிரி இரும்புக் கம்பிவேலி போட்டு, செருப்புடன் உள்ளே போகலாகாது என்று உத்தரவிட்டார்.

இவ்வளவையும்விடப் பெரியது வைரக்கண்ணுவுக்கு நேர்ந்தது. மாலைதோறும் அவர் வேலிக்குள் நின்று வாசித்தார். தோடி ராகத்தில் காந்தாரம் என்றொரு சுரம் உண்டு. அசைந்தால்தான் அது தோடி, அளவு மீறி அசைந்தால் தோடியில்லை. அந்தக் காந்தாரம், அவர் விட்ட இடத்தில், ஏந்திய உள்ளங்கையில் வைத்தது போல நின்றது. வெளியூர் வித்துவான்கள் கார் வைத்துக்கொண்டு வந்து கேட்டார்கள். மாசிமகத் தேருக்கு அவர் வாசிக்கும் மல்லாரியைக் கேட்க ஜனம் அலைமோதும் என்று ஐப்பசியிலேயே பேச்சாயிற்று. மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது, வெறும் சுரக்கட்டுத்தான். சாமி புறப்படும்போது மட்டுமே வாசிப்பது. வீட்டுக்குள் இருப்பவர்கள் அதைக் கேட்டே சாமி எழுந்தருளியதை அறிவார்கள். தேருக்கென்று தனி மல்லாரி உண்டு. அது ஒலிக்காமல் வடத்தை இழுக்க முல்லைக்காவில் எவரும் துணிந்ததில்லை.

பக்கிரிசாமியோ மெலிந்துகொண்டே வந்தார்.

ஒருநாள் செங்கமலம் அவருக்குப் பூண்டுக் கஞ்சி ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்து, தேரடிக்குப் பால் வாங்கப் போனாள். கம்பிவேலியைக் கடக்கையில் நின்றுவிட்டாள். காற்றில் பூண்டு மணத்தது. மறுநாள் கிராம்பு வைத்து வெற்றிலை மடித்துக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள், கிராம்பு மணத்தது. டீக்கடை வாசலில் நின்றவர்களைக் கூப்பிட்டாள்.

"மோந்து பாருங்க. எல்லாரும் வந்து மோந்து பாருங்க. இது சாமியும் இல்லை பூதமும் இல்லை, எங்க வீட்டுக்காரர் மூச்சு. அங்க உள்ள போறது இங்க வந்து வெளிய வருது."

முகர்ந்தார்கள். டீக்கடைக்காரர் முதலில், "ஆமா, கிராம்பு," என்றார். பிறகு ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். முல்லைக்காவில் பொய் சொல்பவர்கள் குறைவு.

ஆனால் உண்மை தெரிந்ததும் ஊர் செய்தது அவள் எதிர்பார்த்ததாக இல்லை. மறுநாள் காலை அவள் வாசலில் பசும்பால் வந்து இறங்கியது. நாட்டுக்கோழி முட்டை வந்தது, நெய் வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. தர்மகர்த்தா ஆளனுப்பி, கோயில் மடைப்பள்ளியிலிருந்து வேளை தவறாமல் சோறு வரும் என்று சொல்லச் சொன்னார். மூச்சு வலுவாக இருந்தால் சுரம் வலுவாக இருக்கும் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. சிலர் உண்மையான அன்போடு அவருடைய மார்பில் தேய்க்கத் தைலம் கொண்டுவந்து, திண்டு வைத்துச் சாய்த்து, "நல்லா இழுத்து விடுங்கண்ணே," என்று சொல்லிப் போனார்கள்.

செங்கமலம் பால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நேரே கோயில் மண்டபத்துக்குப் போனாள். தர்மகர்த்தா அங்கே தேர்த் திருவிழா வேலையாக இருந்தார்.

"என் புருஷன் மனுஷனா, கொல்லன் பட்டறைத் துருத்தியா?" என்றாள். "நீங்க ஊட்டுறதெல்லாம் தேரடிக்குத்தான் போகுது. அவர் எலும்பும் தோலுமா கெடக்கார். இந்தச் சத்தத்தை நிறுத்த வழி பண்ணுங்க."

அருணகிரி கொடுமைக்காரர் அல்லர். "எப்படிம்மா நிறுத்துறது? கல்லா, மண்ணா, எடுத்து அப்பால வைக்க? வைரக்கண்ணுவைக் கேளு. கச்சேரிக்கு மங்களம் பாடுனாத்தானே முடிவு? அன்னைக்கு அவசரத்துல அதை வாசிக்கலைன்னு நினைக்கிறேன்."

வைரக்கண்ணு மறுக்கவில்லை. மறுநாளே ஊர் பார்க்க, வேலிக்குள் நின்று, மங்களத்தை முழுதாக வாசித்து முடித்தார். குழலை இறக்கினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். சட்ஜம் அப்படியே இருந்தது. அப்போது வைரக்கண்ணுவின் முகத்தில் ஒரு கணம் தோன்றி மறைந்தது நிம்மதிதான் என்பதைச் செங்கமலம் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

தை பிறந்தபோது பக்கிரிசாமியால் உட்கார முடியவில்லை. மடியில் தலையை வைத்துக் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அத்தகைய ஒரு முற்பகலில் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம் போயிற்று. வெளியூர் பேண்டு வாத்தியக்காரர்கள். அவர்களுடைய கிளாரினெட் எந்தச் சுருதியிலும் சேராமல், தேரடிச் சட்ஜத்துக்குச் சற்றே கீழே, நூலளவு விலகி, இடறிக்கொண்டு சென்றது. இரண்டு ஒலிகளும் உரசிய இடத்தில் காற்று அலையலையாக அடித்தது. செங்கமலத்தின் மடியில் பக்கிரிசாமியின் மார்பு விம்மி எழுந்தது, வாய் திறந்தது, பல மாதங்களுக்குப் பிறகு முதன்முறையாக ஒரு வெளிமூச்சு அவள் கையில் சூடாகப் பட்டது. ஊர்வலம் தெரு திரும்பியதும் மார்பு மறுபடி தாழ்ந்தது.

அவள் பேண்டுக்காரர்களைக் கெஞ்சி அழைத்துவந்தாள். அன்று மாலைவரை அவர்கள் தேரடியில் நின்று ஊதினார்கள். முதலில் சட்ஜம் சிறிது நடுங்கியது. பிறகு அவர்களுக்குப் பழகிக்கொண்டு, அசையாமல் நின்றது. அவர்கள் யாரோ. பக்கிரிசாமி தம் ஆயுளில் அவர்களுக்காக ஊதியதில்லை. யாருக்காக ஊதினாரோ அவர் இடறினால்தான் இது இடறும் என்று செங்கமலத்துக்கு விளங்கியது. எந்த மனிதரிடம் போய் எதைக் கேட்கப்போகிறோம் என்பதும் விளங்கியதால், தேரடியிலிருந்து வைரக்கண்ணு வீட்டுக்கு நடக்க அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று.

வைரக்கண்ணு கூடத்தில் உட்கார்ந்து சீவாளிகளைத் தேர்ந்துகொண்டிருந்தார். சீவாளி என்பது நாகசுரத்தின் வாய். நாணல் தட்டையைப் பதப்படுத்தி மடித்துக் கட்டியது. உதடு கொடுக்கும் அழுத்தத்தில்தான் சுருதி கூடுவதும் குறைவதும். கலியபெருமாள் பக்கத்தில் இருந்தார்.

"அண்ணே, நீங்க தேரடியில நின்னு சுருதி விலகி வாசிக்கணும்."

வைரக்கண்ணு நிமிர்ந்தார். "என்னம்மா சொன்னே?"

"அபசுரமா வாசிக்கணும்ணே. அது உடைஞ்சா அவருக்கு மூச்சு திரும்பும். என் கையில பட்டுச்சு, சத்தியமா."

"பேண்டு வாத்தியம் பண்ணாத காரியத்தை…"

"பேண்டுக்காரனுக்காகவா அவர் ஊதினார்?"

கலியபெருமாள்தான் பேசினார். "தங்கச்சி, அத்தானை நாலு அடி அடிக்கச் சொல்லு, அடிக்கிறேன். இதைச் சொல்லாதே."

"ஏழு வயசுலேருந்து," என்றார் வைரக்கண்ணு மெதுவாக, "ஒரு சுரம் தப்பாப் பேசினா எங்கப்பா என் விரலுக்கு நடுவுல குச்சி வச்சு நெறிப்பார். என் காதுக்குத் தெரிஞ்சு இன்னிவரைக்கும் நான் விலகினதில்லை. அதை ஒண்ணைத்தான் சம்பாதிச்சேன், செங்கமலம்."

"நீங்க விலகாம இருந்ததுக்கு யார் காரணம்ணே?"

அவர் சீவாளிகளின் பக்கம் குனிந்துகொண்டார். அவள் போய்விட்டாள்.

அவர் முயலவே இல்லை என்று மேல வீதியார் சொல்வது சரியன்று. விடியற்காலைகளில், ஆளில்லாத தேரடியில், கலியபெருமாளை மட்டும் காவலுக்கு நிறுத்திவிட்டு, அவர் பலமுறை முயன்றார். உதட்டைத் தளர்த்தினால் பஞ்சமம் என்ற சுரம் கீழே இறங்கும், இறங்கிய மறுகணமே, வழுக்கும் கால் தானாகப் படியைத் தேடுவது போல, உதடு தானாக இறுகி சுரத்தைச் சட்ஜத்தோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். காதில் பஞ்சு அடைத்துப் பார்த்தார்; ஒலி பல் வழியே வந்தது. வேண்டுமென்றே தவறுவதற்கு அவருடைய உடம்பில் இடமே வைக்கப்பட்டிருக்கவில்லை. "முடியலை மாப்ளே," என்று வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த இயலாமையில் அவருக்கு எவ்வளவு வருத்தமோ அவ்வளவு கர்வமும் இருந்தது. அதை அவரே அறிந்திருந்ததால் அன்றைய காபியை அவரால் குடிக்க முடியவில்லை.

மாசிமகத்தன்று தேரடியில் மண் தெரியவில்லை. சுற்றூர்களிலிருந்து வந்த சனம் கூரைகளிலும் மதில்களிலும் ஏறியிருந்தது. வடத்தைப் பிடித்தவர்கள் கை வைத்தபடி காத்திருந்தார்கள். ஒரு மனிதர் தேருக்கு மேலே ஏறி வெள்ளைத் துண்டை உயர்த்திப் பிடித்தார். மல்லாரி எழுந்து அவர் துண்டை வீசினால் தேர் நகரும். சட்ஜம் அன்று மெலிந்து ஒலித்தது என்று கீழ வீதியார் மட்டுமே நினைவு வைத்திருக்கிறார்கள்.

வைரக்கண்ணு குழலை எடுத்தபோது கூட்டம் ஒரு பக்கமாக விலகியது. செங்கமலமும் தேருக்கு வந்திருந்த அவளுடைய அண்ணனும் ஒரு கயிற்றுக்கட்டிலைச் சுமந்துவந்து கம்பிவேலிக்கு அருகே இறக்கினார்கள். கட்டிலில் கிடந்ததைச் சிலர் துணிமூட்டை என்றே எண்ணினார்கள்.

"இந்த நேரத்துல இங்க ஏம்மா?" என்று தர்மகர்த்தா பதறினார்.

"கடைசியா ஒருதரம் வைரக்கண்ணு அண்ணன் வாசிப்பைக் கேக்கட்டுமே," என்றாள் செங்கமலம். வைரக்கண்ணுவை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கலியபெருமாள் தவிலில் ஒரு தட்டுத் தட்டினார். மல்லாரி எழுந்தது. முதல் வரியிலேயே மதில் மேலிருந்தவர்கள் "ஆகா" என்றார்கள். சுரங்கள் சட்ஜத்தின்மேல் அத்தனை சுத்தமாக நின்றன. ஆனால் குழலுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த வைரக்கண்ணு, தம்முடைய ஒவ்வொரு சுத்தமான சுரத்துக்கும் கட்டிலில் கிடந்த மார்பு ஒரு படி தாழ்வதைக் கண்டார். பக்கிரிசாமியின் கண்கள் திறந்திருந்தன. அவை அவருடைய உதட்டையே பார்த்திருந்தன, அவர் அடுத்து எங்கே மூச்சு விடுவார் என்பதை அறிவதற்காக.

வைரக்கண்ணு வாசிப்பை நிறுத்தினார். சீவாளியைக் குழலிலிருந்து பிடுங்கி, வாயில் வைத்து, கடைவாய்ப் பல்லால் கடித்தார். நாணல் பிளக்கும் ஒலி முன்வரிசைக்குக் கேட்டது. கடிபட்ட சீவாளியைத் திரும்பவும் குழலில் செருகி, மல்லாரியை முதலிலிருந்து தொடங்கினார்.

அப்படி ஓர் ஓசையை முல்லைக்கா அதற்கு முன் கேட்டதில்லை. பிளந்த நாணல் எந்த அழுத்தத்துக்கும் கட்டுப்படவில்லை. பஞ்சமம் பள்ளத்தில் விழுந்தது, நிஷாதம் நொண்டியது, உதடு கிழிந்து ரத்தம் குழலில் இறங்கியது. வடத்தில் இருந்த கைகள் தளர்ந்தன. துண்டைப் பிடித்திருந்தவர் அதை இறக்கிவிட்டார். "நிறுத்துய்யா!" என்று தர்மகர்த்தா கத்தினார். "குடிச்சிருக்கான்," என்றது ஒரு குரல். "சாமி முன்னால இதென்ன அநியாயம்!" என்றது இன்னொன்று. பாட்டு டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். மண்ணாங்கட்டி ஒன்று பறந்து வந்து வைரக்கண்ணுவின் தோளில் உடைந்தது. கலியபெருமாள் தவிலை நிறுத்தி ஒரு கணம் அத்தானைப் பார்த்தார். பிறகு, கண்களில் நீர் வழிய, தாளம் பிசகாமல், முன்னிலும் பலமாக, அந்த அலங்கோலத்தின் பின்னாலேயே வாசித்துக்கொண்டு போனார்.

மல்லாரியை மூன்று காலத்தில் வாசிக்கவேண்டும்: மெதுவாக ஒருமுறை, இருமடங்கில் ஒருமுறை, நான்மடங்கில் ஒருமுறை. வைரக்கண்ணு ஒரு காலத்தையும் குறைக்கவில்லை. இரண்டாம் காலத்தில் சட்ஜம் நடுங்கத் தொடங்கியது. காற்று அலையலையாக அடித்து, கம்பிவேலி கிடுகிடுத்தது, கோயில் மணிகள் கைபடாமல் முணுமுணுத்தன. மூன்றாம் காலத்தில் ஒலி மேலும் கீழுமாகத் தடுமாறி, தனக்குக் கீழே ஊதுபவர் யாரும் நிற்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்ததுபோல, இருமியது. பிறகு அறுந்தது.

ஆடிப்பூரத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தேரடியில் அமைதி விழுந்தது. அத்தனை மாதங்களில் பிறந்த குழந்தைகளுக்கு அது என்னவென்றே தெரியாமல், எல்லாம் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு சுருதியில், அழத் தொடங்கின. வைரக்கண்ணு குழலைப் பிடித்தபடி, கூட்டத்தையும் தேரையும் பாராமல், கட்டிலை மட்டும் பார்த்து நின்றார்.

கட்டிலில் ஒரு நீண்ட பெருமூச்சு வெளியேறிற்று. செங்கமலம் குனிந்து, கணவரின் தலையைக் கையில் தாங்கினாள். பக்கிரிசாமி உதடுகளை நனைத்துக்கொண்டார். பயன்படுத்தாமல் துருவேறிய குரல், முதலில் வராமல், பிறகு தெளிவாக வந்தது.

"அண்ணே," என்றார், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பஞ்சமம் ரொம்பக் கீழே நிக்குது. என்னாச்சு உங்களுக்கு?"